ஒரு கையால் மாட்டும் ஸ்வெட்டர்

அந்த வீட்டில் உறை போடாமல் நிற்கும் பொருள் குறைவு. தேநீர்க் கெண்டிக்கு ஒரு கம்பளிச் சட்டை, வெந்நீர்ப் பைக்கு ஒன்று, தரையைக் கீறாமலிருக்க நாற்காலிக் கால்களுக்குக் குட்டிக் குட்டிக் காலுறைகள். சோபாவின் கிழிசலைச் சாமர்த்தியமாக மறைத்துக்கொண்டு ஒரு கட்டம் போட்ட போர்வை. எல்லாம் வீட்டுக்காரியின் கைவேலை.

ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவளுக்கு உத்தியோகம். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று பொழுதெல்லாம் தொண்டை வறளச் சொல்லிவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு ஊசிகளை எடுத்துவிடுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன், வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அஞ்சு நிமிஷம் அசையாம உக்காந்தா எனக்கும் உறை மாட்டிடுவா" என்பான். அவள் சிரித்துக்கொள்வாளே தவிர பின்னலை நிறுத்த மாட்டாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எடுத்ததை முடிக்காமல் வைக்க மாட்டாள். கணவனுக்குப் பின்னிய கடுகு நிற ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் முழங்கைக்குக் கீழே கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது. யார் கண்ணுக்கும் படாது என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். என் கண்ணுக்குப் படுகிறதே என்று மொத்தக் கையையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். அதுவும் சரியாக வராமல் மறுபடி பிரித்தாள். குளிர்காலம் முடிந்து வெயில் வந்த பிறகுதான் அந்த ஸ்வெட்டர் அவன் கைக்குக் கிடைத்தது. அவனும் மறுபேச்சில்லாமல் வியர்க்க வியர்க்க அதை ஒரு நாள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான்.

அவர்களோடு அவள் மாமனாரும் இருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் முதுகு ஓய்வு பெறவில்லை. உட்கார்ந்தாலும் நின்றாலும் கோடு போட்ட மாதிரிதான். சாயங்காலமானால் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு பெஞ்சு, அதில் பழைய தபால்காரர், கடையை மகனிடம் விட்டுவிட்ட முடிதிருத்துபவர், இவர். உலகத்தில் நடக்கிற தப்பையெல்லாம் மூன்று பேருமாக அங்கே உட்கார்ந்து சரிசெய்துவிட்டு வருவார்கள்.

மழைக்காலத்தில் ஒரு காலை அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வாய் குழறியது, கால் இழுத்தது. பயிற்சியில் பேச்சு திரும்பி வந்தது. கைத்தடியோடு நடையும் வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி, தோளிலிருந்து சும்மா தொங்கியது.

காலையில் மகன்தான் அவருக்கு உடை மாட்டிவிடுவான். அந்த நேரம் முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். மெல்லிய சட்டைகளே போதும் என்றிருந்த வரையில் எப்படியோ சமாளித்தார்கள். குளிர் இறங்கியதும் பிரச்சினை முற்றியது. ஸ்வெட்டரைத் தலைவழியாக இழுத்தால் கை எங்கோ மாட்டிக்கொள்ளும், வலிக்கும். ஒரு நாள் அவர் மகனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து போர்வையே போதும் என்று சொல்லிவிட்டார். போர்வையைச் சுற்றிக்கொண்டு தெருவில் போக அவரால் முடியாது. ஆகவே பூங்கா நின்றது. தபால்காரரும் முடிதிருத்துபவரும் ஒரு முறை வீட்டுக்கே வந்தார்கள். டிரில் மாஸ்டர் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பையோடு வந்தாள். பைக்குள் ஆஸ்பத்திரியில் போடுகிற மாதிரி, முதுகுப்பக்கம் நாடா கட்டுகிற நீள அங்கி. அப்பாவுக்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை, அண்ணனுக்கும் சிரமமில்லை என்று நல்ல மனதோடுதான் வாங்கி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமையலறைக்கு வந்து நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா இனிமே வெளிய போகப் போறதில்ல அண்ணி. வீட்டுக்குள்ள எதப் போட்டா என்ன?"

வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "போவார்," என்றாள். பிறகு அங்கியை மடித்து, வந்த பைக்குள்ளேயே வைத்தாள். "அவருக்கு நான் பின்னித் தரேன். அவரே மாட்டிக்கிற மாதிரி."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்காலிக் காலுக்குச் சட்டை போடுகிறவளிடம் வாதாடிப் பயனில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வாயால் சொன்னது சுலபமாக இருந்தது. முன்பக்கம் திறந்த, பெரிய பொத்தான் வைத்த ஸ்வெட்டர் போதும் என்று சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பின்னினாள். மருமகளின் மனசுக்காகப் பெரியவர் முயன்று பார்த்தார். மடங்கிய விரல்கள் ஸ்வெட்டர் கைக்குள்ளே பின்னலில் கொக்கி போட்ட மாதிரி சிக்கிக்கொண்டன. இழுக்க இழுக்க முகம் சிவந்ததுதான் மிச்சம். "விடும்மா," என்றார்.

அவள் விடவில்லை. அடுத்ததற்குப் பக்கவாட்டில் முழுக்கத் திறப்பு வைத்து, பிய்த்து ஒட்டுகிற பட்டை தைத்தாள். பட்டை, ஒட்ட வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் ஒட்டியது. கம்பளியைப் பிய்த்துப் பஞ்சாக்கியது. பெரியவர் அவசரத்தில் கட்டிய பார்சல் மாதிரி நின்றார். கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது; மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

வார விடுமுறையில் அவள் படுக்கையறைக் கதவைச் சாத்தினாள். வீட்டிலிருந்த ஸ்வெட்டர்களையெல்லாம் கட்டிலில் பரப்பினாள். தன் இடது கையைச் சால்வையால் உடம்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வலது கையால் மட்டும் போட்டுப் பார்த்தாள். அதுவரை தெரியாதிருந்த சங்கதிகள் அப்போதுதான் புரிந்தன. மணிக்கட்டில் இறுக்கமாக முடித்தால், அழகாக இருக்கும், ஆனால் கை நுழையாது. மடியில் போட்டால் கழுத்துப் பகுதி துவண்டு எங்கே திறப்பு என்றே தெரியாது. ஒரு கையை மாட்டியதும் மறு கை முதுகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்ளும். சின்னப் பொத்தானை ஒரு கையால் போடுவது நடக்காத காரியம்.

மத்தியானம் கணவன் வந்து கதவைத் தட்டியபோது அவள் தலை ஒரு ஸ்வெட்டரின் கழுத்துக்குள் பாதியில் நின்றிருந்தது. எப்படியோ தாழ்ப்பாளை விலக்கினாள். அவன் பதறிப்போய்க் கையை நீட்டினான்.

"தொடாதீங்க," என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நானே வெளிய வரேன்."

அவன் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். அவள் திணறி, சுற்றி, கட்டிலில் உட்கார்ந்து எழுந்து, கடைசியில் தலைமுடி சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தாள். மூச்சு வாங்கியது. "உங்கப்பாவுக்கு எவ்வளவு கோபம் வரும்னு இப்பத்தான் தெரியுது," என்றாள்.

முன்பு பின்னிய இரண்டையும் அன்றைக்கே பிரித்தாள். சுருண்டு கிடந்த நூலை அலசி, நுனியில் கனமான கரண்டி ஒன்றைக் கட்டிக் குளியலறையில் தொங்கவிட்டு நேராக்கினாள். புதிதாகப் பின்னும்போது கைகளைத் தொளதொளவென்று அகலமாக விட்டாள். விரல் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போக, கணவனின் பழைய மழைக்கோட்டிலிருந்து உள்துணியை வெட்டிக் கைகளின் உட்புறம் தைத்தாள். கழுத்துப் பட்டையை இரட்டையாகப் பின்னி, மடியில் போட்டாலும் விறைப்பாக நிற்கும்படி செய்தாள். முன்பக்கம் பெரிய மரப் பொத்தான்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் தாராளமான ஓட்டை. ரயிலில் பின்னினாள், அறிவிப்புகளுக்கு இடையில் பின்னினாள். தன் கையைக் கட்டிக்கொண்டு அடிக்கடி போட்டுப் பார்த்துப் பிரித்தாள், சேர்த்தாள்.

முடித்ததை மாமனாரின் அறை நாற்காலியில் தொங்கவிட்டாள். "வராத கையை முதல்ல விடுங்க மாமா. மிச்சம் உங்க பாடு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

உள்ளே நாற்காலி இழுபட்டது. கைத்தடி விழுந்தது. மாணவர்கள் முன்னால் அவர் ஒருநாளும் சொல்லியிருக்க முடியாத வார்த்தைகள் கேட்டன. கணவன் எழுந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கும் உள்ளே ஓடிப்போய்க் கையைப் பிடித்து நுழைத்துவிடலாமென்று உடம்பு பரபரத்தது. அப்படிச் செய்தால் எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று ஸ்வெட்டர் தரையில் கிடந்தது. எடுத்துத் தட்டி மறுநாளும் அதே நாற்காலியில் தொங்கவிட்டாள். அதற்கடுத்த நாளும். முழங்கையில் இடிக்கிறது என்று அவர் உறுமிய அன்று அந்த இடத்தை மட்டும் பிரித்து அகலப்படுத்தினாள்.

"நீ விட மாட்டியா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீங்க விட்டாச்சுன்னு வாயால சொல்லுங்க மாமா. நானும் விட்டுடறேன்."

அவர் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போகும்படி தலையால் சைகை காட்டினார்.

ஒரு சாயங்காலம் கதவு தானாகத் திறந்தது. டிரில் மாஸ்டர் ஸ்வெட்டரோடு நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. இரண்டு கைகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பொத்தான்கள்தான் ஒன்று தள்ளி விழுந்திருந்தன. ஒரு பக்கம் தொடைவரை இறங்க, மறுபக்கம் இடுப்புக்கு ஏறி, கழுத்துப் பட்டை காதை முட்டிக்கொண்டிருந்தது. பொத்தான் மாறிப் போட்டு வந்த பையன்களை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தி வைத்த மனிதர் அவர்.

கணவன் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள்.

"நல்லா இருக்கு மாமா," என்றாள்.

அவர் ஒரு நிமிஷம் வாசலைப் பார்த்தார். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கணவன் ஜன்னலுக்கு ஓடினான். அவளும் பின்னால் போனாள். ஸ்வெட்டர் கோணலாகத்தான் போனது. முதுகு மட்டும் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது. அவர் தெருமுனை திரும்பி மறைந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையோ கைக்குட்டையோ தேடாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அரிசி கழுவப் போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் அவர் திரும்பினார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"தபால்காரன் சொல்லிச் சிரிக்கிறான். வீட்டுல ரெண்டு பேரும் பாத்தீங்க. ஒருத்தருக்கும் சொல்லத் தோணல."

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டீங்க மாமா," என்றாள் அவள்.

அவர் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையால் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். முதல் பொத்தான் இரண்டு தரம் நழுவியது. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை யாரும் யாரையும் மிதிக்க வேண்டியிருக்கவில்லை. மகன் தானாகவே கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைசிப் பொத்தானும் சரியான ஓட்டைக்குள் போனதும் அவர் நிமிர்ந்தார்.

"அடிப் பொத்தான மட்டும் வேற நிறத்துல மாத்தி வச்சுடும்மா," என்றார். "எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியணும். நாளைக்கு நாலு மணிக்குள்ள வேணும்."

அவள் எழுந்து பொத்தான் டப்பாவைத் தேடப் போனாள்.