பீலிக்கு மேலே போட்ட உரம்

வாசகரே, உங்களை நடுவராக அல்ல, சாட்சியாகவே அழைக்கிறேன். நான் வென்ற ஒரு விவாதத்தை நீங்கள் முழுதாகக் கேட்க வேண்டும்.

குருவிட்டவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில், கைவிடப்பட்ட தேயிலை மலையொன்றை மாடு வளர்க்கும் குடும்பங்கள் புல்லுக்காகக் கேட்டு வாங்கியிருந்தன. அந்தச் சரிவின் அடியில்தான் எங்கள் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பீலி. பாறையிடுக்கிலிருந்து குழாய் வழியே விழும் அந்த ஊற்றே எங்கள் குடிநீர். புல்லுக்கு எந்த உரம் என்று முடிவெடுக்க, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் கூடினோம்.

பேச்சுப் போட்டிகளில் கோப்பைகள் வென்றவன் நான். நைட்ரேட் உரத்துக்காக எழுந்தேன். என் அக்கா, ஐந்து வாரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தேயிலைக்குப் போடும் அமோனியா உரத்தை மாட்டெருவோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தூவலாம் என்றாள்.

“அது மண்ணப் புடிச்சிக்கிட்டு மெதுவாத்தான் மாறும். நைட்ரேட் ஒடனே கரையும், வேரு ஒடனே குடிக்கும்” என்றேன்.

“சரி தம்பி. புல்லு குடிச்சது போக மிச்சம்?”

“மிச்சமாக அது என்ன, நீங்க ஆக்குற சோறா அக்கா?”

அறை சிரித்தது. “மைக் இல்லாமலே இந்தப் போடு போடுறானே” என்றார் பின்னாலிருந்த மாமா ஒருவர். கைகள் என் பக்கமே உயர்ந்தன. முழு உரத்தையும் ஒரே தடவையில் போடுவதென்றும் நானே முடித்துவைத்தேன்.

போட்ட மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. வேர் குடிக்குமுன் மழை குடித்தது. ‘கரையும்’ என்று எவ்வளவு நிமிர்ந்து சொன்னேன்! கரைந்தது கீழே இறங்கும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. பீலி நீர் தெளிவாகவே விழுந்தது. நிறமில்லை, மணமில்லை.

தாய்ப்பால் போதாமல் அக்கா மாவுப்பால் கரைத்துக் கொடுத்துவந்தாள். குழந்தை சோர்ந்தது. கிருமிக்குப் பயந்து, தண்ணீரை இன்னும் நீண்ட நேரம் கொதிக்கவைத்தாள். ஒரு காலை குழந்தையின் உதடுகளும் நகங்களும் சாம்பல் நீலமாகியிருந்தன.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில், பால் எந்தத் தண்ணீரில் கரைத்தது என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். பீலித் தண்ணீர்தான், பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்தது என்று அக்கா சிங்களத்திலேயே சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது, வற்ற வற்றச் செறியும் என்றார். இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் போகுமாம். “பீலிக்கு மேலே நிலத்தில் என்ன போட்டீர்கள்?” என்று கேட்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

மருந்து ஏறியதும் குழந்தைக்கு நிறம் திரும்பியது. பீலி நீரைச் சோதித்தவர்களோ, மண்ணுக்குள் இறங்கியது இன்னும் எத்தனை மழைக்கு வந்துகொண்டிருக்கும் எனச் சொல்ல முடியாதென்றனர். எங்கள் லயத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் பெண்கள் பிள்ளைத்தாய்ச்சிகள்.

மறுவாரம் எல்லோரும் கூடியிருக்க, மீண்டும் எழுந்தேன். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியிருந்தது.

“அந்த உரத்தப் போடச் சொன்னது நான். இனி அத மண்ணுலேர்ந்து எடுக்க என்னால முடியாது. பீலித் தண்ணி நல்லதுன்னு சோதிச்சுச் சொல்ற வரைக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கெணத்துலேர்ந்து எங்க பாப்பாவுக்கும் அந்த ரெண்டு வீட்டுக்கும் தண்ணிய நானே தூக்கிட்டு வருவேன். தெனமும்.”