மூன்று கார்புரேட்டருக்கு ஒரு போர்வை

வெல்டாவுக்குப் பாட வராது. மிச்சிகனின் இப்ஸிலான்டியில் கென்டக்கிக்காரர்கள் கூடும் சின்னச் சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது அவள் வாயை மட்டும் அசைப்பாள். பக்கத்தில் நிற்கும் அண்ணன் ராய்ஸுக்கு மட்டும்தான் அது தெரியும். பாட்டு முடிந்து உட்காரும்போது அவன் காதோரம் குனிந்து சொல்வாள். "பின் வரிசையில ஒருத்தர் அரை மூச்சு பிந்துறாரு அண்ணே." ராய்ஸ் திரும்பிப் பார்ப்பான். அங்கே யாரோ ஒரு பெரியவர் சளி பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கென்டக்கி மலையில் இருந்த காலத்தில் அம்மா தையல் மெஷினை மிதிக்கும் சத்தம் இருந்தால்தான் வெல்டா தூங்குவாள். மெஷினின் பெல்ட் லேசாகத் தளர்ந்தால் போதும், தொட்டிலில் கண்ணைத் திறந்துவிடுவாள். "இவ தூங்கறத வச்சே நான் பெல்ட்ட மாத்திடுவேன்" என்று அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ராய்ஸுக்கு அதில் அப்போதே ஒரு பெருமை. தொட்டிலை ஆட்டியவன் அவன்.

மிச்சிகனுக்கு வந்த பிறகு ராய்ஸ் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டும் வேலைக்குப் போனான். வெல்டா ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் சேர்ந்தாள். பெரிய பெரிய பாத்திரங்களில் பீன்ஸ் வேகும். மூடியைத் திறக்காமல், கொதிக்கும் சத்தத்தை வைத்தே அடுப்பைக் குறைப்பாள். அந்த வேலையில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றிவிட்டு அண்ணனின் கார் ஷெட்டுக்குள் நுழையும்போது அவள் முகமே வேறாகிவிடும்.

ஷெட்டில் நின்றது அறுபத்தாறாம் வருடத்து ஜிடிஓ கார். இன்ஜின் மேல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வரிசையாக மூன்று. ராய்ஸ் அதை வாங்கியபோது, பார்த்தவர்கள் எல்லாரும் மூன்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிதாக ஒன்றை மாட்டச் சொன்னார்கள். அடுத்த தெரு லோனி சொன்னதுதான் ஊரெல்லாம் சுற்றியது.

"மூணு பொண்டாட்டி கட்டினவன் மாதிரிடா நீ. ஒருத்தியச் சமாதானம் பண்ணிட்டு வர்றதுக்குள்ள மத்த ரெண்டு பேரும் அடுப்ப அணைச்சிருப்பாங்க."

வெல்டா அதற்குச் சிரிக்கவில்லை. ஒரு ரப்பர் குழாய்த் துண்டை எடுத்து, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்டாள். நடுவில் இருந்தது சீராகக் காற்றை இழுத்தது. முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும்கூட மெல்லச் சீறின. அதுதான் தப்பு.

"நடுவுல இருக்கிறவதான் வீட்டு வேலையெல்லாம் பாக்கணும். முன்னது, பின்னது ரெண்டும் தூங்கணும் அண்ணே. நீ ஆக்சிலேட்டர ஆழமா மிதிக்கும்போது ரெண்டும் சேர்ந்து ஒண்ணா எழுந்திருக்கணும். இப்ப ரெண்டும் அரைத் தூக்கத்துல புரண்டுட்டிருக்கு."

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் செய்தது அதுதான். ஓரத்துக் கார்புரேட்டர்களின் தகடுகள் முடி நுழையாதபடி மூடவேண்டும். மூன்று கிண்ணத்திலும் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். இரண்டையும் எழுப்பும் கம்பியை அரைத் திருகு நீட்டி, கால் திருகு குறைத்து, மறுபடி குழாயைக் காதில் வைப்பாள். ஒரு மாலை நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். ராய்ஸ் அவள் தோளைத் தொட்டான். "தூங்கிடுச்சு" என்றாள், பக்கத்தில் நிஜமாகவே குழந்தை படுத்திருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தி.

ஸ்டாம்பர் என்பவர் ஊரில் பழைய இன்ஜின்களுக்கென்றே கடை வைத்திருந்தார். அவர் கடையில் கார்புரேட்டர் மேஜை வசந்தத்திலிருந்து ஆளில்லாமல் கிடந்தது. வெல்டா நேராகப் போய் அந்த வேலையைக் கேட்டுவிட்டாள். ஸ்டாம்பர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த பல்குச்சியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினார்.

"ஒரு தடவ நல்லா ஓட வைக்க யாராலயும் முடியும்மா. சீசனோட கடைசிப் பந்தயத்துக்கு நானும் வர்றேன். காலைல கண்ணாடில என்ன எழுதுறியோ அதையே உன் காரு சாயங்காலம் வரைக்கும் ஓடணும். ஓடிச்சுன்னா திங்கக்கிழமை வேலைக்கு வா. ஓடலேன்னா பீன்ஸ் வேகவைக்கறதும் நல்ல வேலைதான்."

ஊருக்கு வெளியே இருந்த கார் பந்தயத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் சொன்ன சொல்லுக்கு நடப்பது. கால் மைலைத் தன் கார் எத்தனை வினாடியில் கடக்கும் என்று ஒவ்வொருவரும் வெள்ளை ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுதவேண்டும். மெதுவான காருக்குப் பச்சை விளக்கு முதலில் எரியும், வேகமான காருக்கு அந்த வித்தியாச நேரம் கழித்து. எல்லையை முதலில் தொட்டவர் ஜெயித்தவர். ஆனால் எழுதியதைவிடச் சீக்கிரமாக ஓடிவிட்டால் தோல்வி. தன் காரைத் தனக்கே தெரியவில்லை என்று அர்த்தம்.

வெல்டா பதின்மூன்று புள்ளி நாற்பது என்று எழுதினாள்; ஓட்டுவது ராய்ஸ். செப்டம்பர் கடைசி என்றாலும் வெயில் கொளுத்தியது. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ராய்ஸ் ஐஸ் பையைக் கொண்டுவந்து, கார்புரேட்டர்கள் உட்கார்ந்திருக்கும் இரும்பின்மேல் வைப்பான். சூடு இறங்கியதும் எடுத்துவிடுவான். அவள் காற்றை முகர்ந்து, ஐஸை இன்னும் கொஞ்சம் வை, இல்லை போதும் எடு என்பாள். ஒவ்வொரு தடவையும் தடத்தின் கடைசியில் இருந்த பலகை நாற்பதை ஒட்டியே எண்ணைக் காட்டியது. ஒருமுறைகூட எழுதியதை மிஞ்சவில்லை. ஸ்டாம்பர் வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடையில் கிடைத்த நேரத்தில் அண்ணனும் தங்கையும் புல்லில் அம்மா தைத்துக் கொடுத்த ஒட்டுப்போர்வையை விரித்து, சோளரொட்டியும் வெங்காயமும் தின்றார்கள். ராய்ஸின் எண்ணமெல்லாம் கோப்பைமேல் இருந்தது. வெல்டா சாப்பிட்டதைவிடக் காரைப் பார்த்ததுதான் அதிகம்.

இறுதி ஓட்டத்துக்கு இரண்டு கார்கள் மிஞ்சின. ஒன்று இவர்களுடையது. மற்றது லோனியின் நீலக் கார். வரிசையில் வந்து நின்றாயிற்று. அதன் பிறகு கண்ணாடியில் எழுதியதை மாற்ற முடியாது. எல்லையில் எண்ணெய் சிந்திவிட்டது என்று கொஞ்சம் காக்கவைத்தார்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சூரியன் இறங்கியது. ஹியூரான் ஆற்றின் பக்கமிருந்து பனி எழுந்து, அறுத்த சோளக் காட்டின்மேல் பால் ஊற்றியதுபோலப் பரவி, தடத்தின் ஓரத்துக்கு வந்து நின்றது. வெளிச்சம் செம்பு நிறமாக மங்கியது. பேச்சுச் சத்தமெல்லாம் தூரத்திலிருந்து வருவதுபோலத் தேய்ந்து கேட்டது.

ராய்ஸ் பழக்கத்தில் ஐஸ் பையோடு வந்தான்.

"வைக்காதே" என்றாள் வெல்டா. கையை விரித்துக் காற்றில் பிடித்தாள். "காத்து கனத்துப்போச்சு. குளிர்ந்த காத்த இவ வயிறு முட்டக் குடிப்பா. எழுதினதத் தாண்டிப் பறந்துடுவா."

"கடைசில நான் லேசா கால எடுத்துடறேன்."

"எடுத்தா ஓரத்துல இருக்கற ரெண்டும் டப்புனு படுத்துக்கும். வேலியோரம் உக்காந்திருக்கவரு பலகையப் பாக்கறாரு, சத்தத்தயும் கேக்கறாரு. என் வேலைய உன் கால் செஞ்சா அவருக்குத் தெரியாதா?"

"அப்ப பெட்ரோல் வர்ற ஜெட்ட மாத்து."

"நேரமில்ல. சரியா இருக்கறதக் கலைக்கவும் மாட்டேன்."

அவள் பின் சீட்டிலிருந்து அம்மாவின் போர்வையை எடுத்து வந்தாள். பானெட்டைத் தூக்கி, மூன்று கார்புரேட்டர்களின் மேலும் அதை விரித்து, ஓரங்களைச் செருகினாள். இன்ஜினின் வெப்பம் வெளியே போகாமல் உள்ளேயே நின்றால் குளிர்ந்த காற்று கொடுக்கும் பலத்தை அது தின்றுவிடும். மத்தியானம் ஐஸ் வைத்துத் துரத்திய சூட்டை இப்போது அவளே அணைத்து வைத்துக்கொண்டாள். ஆனால் அளவு மிஞ்சினால் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்துவிடும். கார் கோட்டிலேயே மூச்சடைத்து நின்றுபோகும். அதனால் போர்வைக்கடியில் கையை விட்டுத் தொட்டபடியே இருந்தாள். வரிசை நகரும்போது ராய்ஸ் காரைத் தள்ள, அவள் கையை எடுக்காமல் கூடவே நடந்தாள்.

லோனி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தான். "ஏ வெல்டா! பாப்பாவுக்குப் பால் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. ஏப்பம் விடும், பின்னாடி நிக்காதே."

"தாலாட்டும் பாடேன், கேப்போம்."

"நான் பாடினா உன் காரு அழும் லோனி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. அவன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மெஷினை மிதிக்கும்போது தொட்டிலில் இருந்த அதே முகம்.

கூப்பிட்டார்கள். வெல்டா போர்வையை உருவிக்கொண்டாள். ராய்ஸ் சாவியைத் திருப்பினான். ஒரு இருமல். அடுத்த நொடி இன்ஜின் எழுந்தது.

கார் கோட்டில் நின்றது. நடுக் கார்புரேட்டர் மட்டும் மூச்சுவிட, இன்ஜின் ஒரே சீராக முனகியது. ஆழ்ந்து தூங்கும் ஒருவரின் மார்பு ஏறி இறங்குவதுபோல இருந்தது. ஸ்டியரிங் வழியாக அந்த அசைவு அவன் கைக்கும், கையிலிருந்து தோளுக்கும் ஏறியது. எதிரே பனி. பனிக்குள் கம்பத்து விளக்குகள், தண்ணீருக்குள் எரிவதுபோல. லோனியின் விளக்கு முதலில் எரிந்தது. நீலக் கார் பனியைக் கிழித்துக்கொண்டு போனதை ராய்ஸ் பார்த்தான். பார்த்தும் அது வேறு எங்கோ நடப்பதுபோல இருந்தது. மிதி, மிதி, மிதி என்று அம்மாவின் கால். மலைமேல் மழை. தொட்டில் கயிறு அவன் கையில்.

பச்சை எரிந்திருந்தது.

எப்போது எரிந்தது என்று அவனுக்குத் தெரியாது. திடுக்கிட்டு மிதித்தான். முன்னதும் பின்னதும் ஒன்றாக எழுந்தன, ஒரு கணம்கூட முந்தாமல் பிந்தாமல். முதுகு சீட்டில் அழுந்தியது. பனி இரண்டாகப் பிரிந்தது. ஆனால் நீலக் காரின் பின் விளக்குகள் எட்டாத தூரத்தில் இருந்தன. எல்லைக்குச் சற்று முன்னால் லோனி சாவகாசமாக வேகத்தைத் தணிப்பதுகூடத் தெரிந்தது. ஜெயிப்பவன் செய்கிற வேலை.

திரும்பி வரும் பாதையில் ராய்ஸ் காரை மெல்ல உருட்டினான். பலகையை அவன் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை. தங்கையின் வேலையைத் தான் கோட்டில் தூங்கித் தொலைத்துவிட்டோம் என்பது மட்டுமே மனதில் ஓடியது. லோனி ஹாரனை அடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான்.

வேலியோரம் வெல்டா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஸ்டாம்பர். ராய்ஸ் இறங்கினான்.

"என் தப்பு சார். முழுக்க என் தப்பு. அவ மேல ஒண்ணும் இல்ல."

"அதத்தான் நானும் பாத்தேன்" என்றார் ஸ்டாம்பர். "பச்சை எரிஞ்சப்புறம் ஒரு ஆளு மாடு மேய்ச்சுட்டு வரலாம், அவ்வளவு நேரம் கழிச்சுக் கெளம்பினே. அது டிரைவரோட கணக்கு. அங்க பாரு, அது காரோட கணக்கு."

கார் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் பலகையின் கடிகாரம் ஓடத் தொடங்கும். ராய்ஸ் திரும்பினான். பனிக்குள் அவன் தடத்தின் மேல் எண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பதின்மூன்று புள்ளி நாற்பது. காலையில் வெல்டா எழுதிய அதே எண்.

ஸ்டாம்பர் பல்குச்சியை எடுத்துப் புல்லில் எறிந்தார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடும்மா. போர்வை வேணாம், கடைல ஹீட்டர் இருக்கு." நாற்காலியை மடக்கிக்கொண்டு நடந்தார்.

வெல்டா அண்ணனிடம் திரும்பினாள்.

"எங்க போயிட்டே நீ?" என்றாள்.

"அம்மா தைச்சிட்டிருந்தா."

வெல்டா அவனை உற்றுப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. போர்வையை முகர்ந்தாள். "அம்மா என்னக் கொல்லப்போறா. முழுக்கப் பெட்ரோல் வாடை" என்றாள்.

வீடு திரும்பும்போது சர்ச் தெருவைத் தாண்டுவதற்குள் அவள் பக்கத்துச் சீட்டில் அந்தப் போர்வையையே போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாள். ராய்ஸ் ஆக்சிலேட்டரில் கால் இருப்பதே தெரியாதபடி ஓட்டினான். வீடு வரைக்கும் நடுக் கார்புரேட்டர் மட்டும் வேலை செய்தது. முன்னதும் பின்னதும் எழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டான்.