நான் பாவம் என்று சொன்ன தாகம்

“ஒருசந்தி பிடிக்க ஏலாத பிள்ளைக்கு என்ன ஈஸ்டர்?”

சென்ற வருடம் தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, அம்மாவின் அக்கா எங்கள் குசினியில் நின்று இதைச் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மாவிடம், எனக்குக் கேட்கும்படியாகச் சொன்னார். அப்போது நான் இன்சுலின் ஊசி போடத் தொடங்கி ஒரு வருடம் ஆகவிருந்தது.

ஒருசந்தி என்பது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டு, இறைச்சி தொடாமல் இருக்கிற எங்கள் நோன்பு. அதை முறிக்காமல் பிடித்தவருக்குத்தான் உயிர்த்த ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் முதல் சோறு. அப்பா தன் கையால் போடுவார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அந்தச் சோறு எனக்கே வந்துகொண்டிருந்தது. பெரியம்மா கை வைத்தது அந்தச் சோற்றில்.

புதிதாக ஊசி கையில் எடுத்திருப்பவர்களுக்காக, அதிலும் நோன்போ விரதமோ உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகப் பக்கம். அப்பா கடற்தொழில் செய்கிறவர். அப்பாவுக்கு இலக்கம் தெரியும், எழுத்துத் தெரியாது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். படித்துப் பட்டம் வாங்கி, கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அரச அலுவலகத்தில் வேலைக்குப் போனவள் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். வீட்டுக்கு வரும் கடிதம், படிவம், மருந்துத் துண்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமை என்னை ஒருமுறை விழுத்தியும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

முதல் அறிகுறி தாகம். பெரியம்மா அப்படிக் கேட்டதற்கு முந்திய வருடத் தவக்காலத்தில் அது வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணி வரை எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. நான் களவாகக் குடித்தேன். பஸ்ஸில் ஒரு போத்தில், அலுவலகத்தில் இன்னொன்று. நாக்கு அப்போதும் மரக்கட்டை போலவே இருந்தது. இடுப்பில் பாவாடை நிற்கவில்லை. கோயிலில் பெண்கள் என் கன்னத்தைத் தடவி, “பிள்ளை வடிவா ஒருசந்தி பிடிக்குது, முகத்திலயே தெரியுது” என்றார்கள். அம்மாவுக்குச் சந்தோசம். நானும் அப்படித்தான் நம்பினேன். ஓர் உறுப்பு நின்றுபோவதைப் பக்தி என்று நினைத்து மகிழ்ந்தோம்.

இந்த வருத்தத்தை (நோயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) நான் முதலில் சொன்னது டொக்டரிடம் அல்ல. பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு (பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் சடங்கு) போய், முழங்காலில் நின்று, துளைவைத்த பலகை வழியாகப் பாதரிடம் சொன்னேன்.

“பாதர், ஒருசந்தி நேரத்தில தண்ணி குடிச்சிட்டன்.”

“எத்தினை தரம்?”

“கணக்கில்லை பாதர். செபமாலை சொல்லேக்க நித்திரையாப் போறன். சிலுவைப்பாதையில பாதியில எழும்பி வெளிய போறன்.”

“ஏன் வெளிய?”

சிறுநீர் கழிக்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “சலம் போக.”

பாதரின் குரல் பலகைக்குக் கிட்ட வந்தது. “பிள்ளை, மெலிஞ்சும் போனீங்களோ?”

“ஓம். ஒருசந்தியாலதான்.”

“நீங்கள் சொன்னதில பாவம் ஒண்டும் இல்லை. என்ர அண்ணாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதியுங்கோ. உங்களுக்கு நான் தாற பரிகாரம் அதுதான்.”

நான் போகவில்லை. பெரிய வெள்ளி முடியட்டும் என்று இருந்தேன். அன்று சிலுவை முத்தி செய்யும் (சிலுவையை முத்தமிடும்) வரிசையில் நிற்கும்போது மூச்சு இளைத்தது. கோயிலில் கொடுத்த கஞ்சியை வாயில் வைத்ததும் சத்தி எடுத்தேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் போட்டார்.

“எத்தினை நாளாத் தாகம்?” என்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் கேட்டார்.

“தவக்காலம் தொடங்கின நாளிலயிருந்து.”

“அது எனக்குத் தெரியாதே அம்மா. எத்தினை கிழமை எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். அவர் குனிந்து என் மூச்சை மணந்து பார்த்தார். பழுத்த பழ வாசம் வருகிறது என்றார். என் இரத்தத்தில் கீற்றோன் (சீனியைப் பயன்படுத்த முடியாத உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலப் பொருள்) ஏறியிருந்தது. வந்திருப்பது முதலாம் வகை நீரிழிவு (கணையம் இன்சுலினைச் சுரக்காமல் விட்டுவிடும் நிலை, கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பி). சீனி அதிகம் சாப்பிட்டதால் வந்ததல்ல, சாபமும் அல்ல. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா அதை எனக்கு இன்னும் சொல்லவில்லை.

அந்த உயிர்த்த ஞாயிறு எனக்கு ஆஸ்பத்திரி வாட்டில் விடிந்தது. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. தாகம் இல்லை. ஆறு கிழமைக்குப் பிறகு என் வாய் ஈரமாக இருந்தது. உயிர்ப்பு என்று நான் அன்று அறிந்தது அந்த எச்சிலைத்தான்.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். “இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. உனக்கும் கலியாணம் இருக்கு, தங்கச்சிக்கும் இருக்கு.”

இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் மீனுக்குப் பின்னால், ஒரு பழைய மாஜரின் டப்பாவுக்குள் ஒளித்தோம். உறவினர் வந்தால் நான் குளியலறைக்குள் போய் ஊசி போட்டேன். கலியாண வீடுகளில் கழிப்பறைக் கதவில் சாய்ந்து நின்று போட்டேன். ஒரு வருடமாக என் ஒவ்வொரு விருந்தும் கழிப்பறையில் தொடங்கியது.

அப்பா மட்டும் ஒளிக்கவில்லை. காலையில் விரலில் குத்தி எடுத்த துளி இரத்தத்தைக் கருவியில் வைத்ததும், இலக்கத்தை அவர்தான் உரத்து வாசிப்பார். தராசில் மீன் நிறுக்கிற குரலிலேயே வாசிப்பார்.

இந்த நிலையில்தான் பெரியம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். செய்து காட்டுவோம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பிழை. திருநீற்றுப் புதன் (தவக்காலம் தொடங்கும் நாள்) காலை வழக்கமான ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குப் போனேன்.

அந்த வருடம் ரமழானும் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. அலுவலகத்தில் என்னுடன் வேலை செய்கிற எல்லோரும் நோன்பு. தேநீர்க் கேத்தல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பதினொரு மணிக்கு என் கை நடுங்கத் தொடங்கியது. கோப்பில் இருந்த எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. உடம்பெல்லாம் வியர்த்தது. இது குருதிச்சீனி இறக்கம் (இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்குக் குறைதல்) என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. கதிரையிலிருந்து சரிந்தேன்.

பக்கத்து மேசை றிஸ்வானாதான் என்னைப் பிடித்தாள். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து பழக்கம். என் ஊசிப் பையை ஒருநாள் கண்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் இருந்தவள். இப்போது குசினிக்கு ஓடிப்போய், மூடி வைத்திருந்த சீனி டின்னைத் திறந்து, தண்ணீரில் கரைத்து வந்து என் வாயில் பருக்கினாள்.

“நோன்பு புடிக்கிற நாங்க. மயங்கி விழுற நீயா புள்ள?”

எனக்குப் பேச்சு வரச் சில நிமிடங்கள் பிடித்தன. ஒருசந்தி என்று சொன்னேன்.

“எங்கட வாப்பாவும் ஊசி போடுற ஆள்தான். உங்களுக்கு நோன்பு கடமையில்ல எண்டு மௌலவியே சொல்லிட்டார். உங்கட பாதர்ட்டக் கேட்டியா? இல்ல, படிச்ச புள்ள எண்டு நீயே தீர்ப்புச் சொல்லிட்டியா?”

அவள் சொன்னது சரி. நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு வருடம் ஊசி போட்டுவிட்டேன், படித்தவள், எனக்குத் தெரியாததா என்று இருந்தேன்.

கிளினிக்கில் டொக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பசி கிடக்க ஆசையென்றால் முதலில் தன்னிடம் வரவேண்டும், ஊசியின் அளவை நானாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது என்று மட்டும் சொன்னார். பாதரிடமும் போனேன். வருத்தக்காரருக்கு ஒருசந்தி கடமையே இல்லை என்பது திருச்சபையில் எப்போதும் உள்ளதுதான் என்றார். “உங்களுக்கு ஆர் கடமை எண்டு சொன்னது?” என்று கேட்டார். பெரியம்மாவின் பெயரைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

மீதித் தவக்காலம் முழுதும் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் உயிர்த்து வந்தபோது அவருடைய காயங்கள் ஆறி மறைந்திருக்கவில்லை. ஆணி அடித்த துளைகளோடுதான் வந்தார். நம்பாதவனுக்கு அந்தக் கையையே நீட்டிக் காட்டினார். பிறகு கரையில் மீன் சுட்டு, மீன்பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சாப்பிடக் கொடுத்தார். அவரே ஒளிக்காத துளையை நான் ஏன் மாஜரின் டப்பாவுக்குள் ஒளிக்க வேண்டும்? என் விரல் நுனி பத்திலும் துளை இருக்கிறது. உயிரோடு இருப்பதற்காகப் போட்ட துளைகள் அவை.

உயிர்த்த ஞாயிறு காலை அம்மா சொன்னார்: “பையை வீட்டில விட்டிட்டு வா. வந்து குத்தலாம்.” பூசைக்குப் பிறகு உறவினர் வீடுகளுக்குப் போய்த்தான் திரும்புவோம். நான் பையைக் கொண்டுபோனேன்.

அந்த நாளில் எங்கள் கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போகவேண்டும். ஈஸ்டர் பூசையில் குண்டு வெடித்த வருடத்திலிருந்து அப்படித்தான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். பொலிஸ் உடுப்பில் நின்ற இளம் பெண் என் பையிலிருந்து இன்சுலின் பேனையையும் ஊசிகளையும் எடுத்து மேலே தூக்கிப் பார்த்தாள். பின்னால் கோயில் சனத்தில் பாதி வரிசையில் நின்றது. எனக்கு நேர் பின்னால் அம்மா, அவருக்குப் பின்னால் பெரியம்மா.

“இது என்ன?” என்று உடைந்த தமிழில் கேட்டாள்.

“தங்கச்சியின்ர மருந்து எண்டு சொல்லு” என்று அம்மா முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார். தங்கச்சி பக்கத்தில் நின்று, “ஏனம்மா என்னை இழுக்கிறீங்கள்?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் உரத்தே சொன்னேன்.

“இன்சுலின். எனக்குத்தான். சீனி வருத்தம்.” பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன்.

தன் அம்மாவுக்கும் இருக்கிறது என்று சிங்களத்தில் சொல்லி, அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பைக்குள் வைத்துத் தந்தாள். அம்மா பூசை முடியும் வரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசைக்கு வந்தன. பத்துப் பேர் இருந்தோம். அப்பா அகப்பையோடு நின்றார்.

“இந்த முறை முதல் சோறு ஆருக்கு?” என்றார் பெரியம்மா. பதில் தெரிந்தவரின் குரல் அது.

நான் குளியலறைக்குப் போகவில்லை. பையை மேசையில் வைத்தேன். விரலில் குத்தினேன். அப்பா எட்டிப் பார்த்து இலக்கத்தை வாசித்தார். சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, வயிற்றில் ஊசி போட்டேன்.

“எனக்குத்தான் அப்பா” என்றேன். “நாற்பது நாளில்லை, ஒரு வருஷமா நான் முறிக்கேல்லை. அளக்காமல் ஒரு வாய் வைச்சதில்லை. ஒரு நாள் முறிச்சனான், அண்டைக்கு விழுந்தும் போனன்.”

“வாயைப் பார். படிச்ச வாய்” என்றார் பெரியம்மா.

“ஓம் பெரியம்மா, படிச்ச வாய்தான்.”

அப்பா முதல் அகப்பைச் சோற்றை என் தட்டில் போட்டார். அம்மா கறிச்சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார். அன்று மாலை, மாஜரின் டப்பா கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில், கண்ணுக்கு நேரே இருந்தது.

பெரியம்மா இன்னும் மாறவில்லை. வருத்தமும் மாறவில்லை, மாறாது. கடிகாரம் எனக்கு இப்போது வேறு மாதிரி ஓடுகிறது. மற்றவர்களுக்கு மதியம் என்பது ஒரு மணி. எனக்கு அது ஊசி போட்டபின் சோறு தொடும் வரை உள்ள சில நிமிடங்கள். மற்றவர்களின் ஒருசந்தி ஞாயிறோடு முடியும். என்னுடையதற்கு ஞாயிறு இல்லை. ஆனால் என் உடம்பு சொல்வது இப்போது எனக்குக் கேட்கிறது. வாய் காய்ந்தால் அதைப் பாவம் என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை. விரலைக் குத்திப் பார்ப்பேன்.

வருகிற புதன் திருநீற்றுப் புதன். கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்ட, பாதரின் அனுமதியோடு ஒரு தாள் எழுதினேன். அடங்காத தாகம், அடிக்கடி சலம், காரணமில்லாத மெலிவு, இவை தவக்காலத்தில் வந்தால் பக்தி என்று நினைக்காமல் இரத்தம் சோதியுங்கள். ஊசி போடுகிறவர்கள் டொக்டரைக் கேட்காமல் ஒருசந்தி பிடிக்காதீர்கள். தனியே போகப் பயமென்றால் நான் கூட வருகிறேன். அடியில் என் முழுப்பெயர்.

“பேரையாவது விடு பிள்ளை” என்றார் அம்மா.

நேற்றுப் பூசை முடிந்ததும் ஒட்டிவிட்டேன். பசை இதற்குள் காய்ந்திருக்கும்.