இடைவேளையில் கழற்ற வேண்டிய தலைக்கவசம்

புத்தூரில் தையற்கடை வைத்திருக்கும் சுபாஜினிக்கு எந்தக் கடதாசியையும் எறிந்து பழக்கமில்லை. கனடாவிலுள்ள பழைய மாணவர்கள் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தலைக்கவசங்கள் அனுப்பியபோது, மற்ற வீடுகளில் பெட்டியோடு குப்பைக்குப் போன ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தை அவள் அகராதியோடு இரண்டு நாள் இருந்து வாசித்தாள். சைக்கிளை விட்டு இறங்கியதும் கழற்ற வேண்டும். அணிந்தபடி மரத்திலோ விளையாட்டுச் சட்டத்திலோ ஏறி விளையாடினால் வார் கழுத்தை நெரிக்கலாம் என்றிருந்தது.

பாடசாலையிலோ வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஒரு பிள்ளையும் கழற்றக் கூடாது. அன்றுதான் கனடாவுக்கு அனுப்பப் படம் எடுப்பார்கள். சுபாஜினி தன் மொழிபெயர்ப்பையும் இணைத்துப் பாடசாலை அதிபருக்குக் கடிதம் கொடுத்தாள். பதில் இல்லை.

மூன்றாம் வெள்ளி, அவளுடைய ஆறு வயது மகள் சாருஜா விளையாட்டுத் திடலிலுள்ள ஏறுசட்டத்தின் இரு கம்பிகளுக்கிடையால் கீழே இறங்கினாள். உடல் வந்தது; தலைக்கவசம் வரவில்லை. நாடிக்குக் கீழிருந்த வாரில் தொங்கினாள். வகுப்பு ரீச்சர் ஓடிவந்து தூக்கிப் பிடித்துக் கொளுக்கியை விடுவித்தார். கழுத்தில் சிவந்த கோடு ஒன்பது நாள் இருந்தது.

சம்பவப் புத்தகத்தில் அதிபர் தம்பிஐயா 'பிள்ளையின் குழப்படி' என்று எழுதியிருந்தார்.

"குழப்படியோ சேர்? ஏறுறதுக்குத்தானே அந்தச் சட்டத்தை நட்டு வைச்சிருக்கிறியள்?"

"பிள்ளை, நீர் சட்டை தைக்கிற ஆள். உதெல்லாம் எஞ்சினியர்மார் பாத்துச் செய்யிறது."

"அந்த எஞ்சினியர்மார்தான் கழட்டச் சொல்லி எழுதியிருக்கினம்!"

அவள் விரித்து வைத்த பிரசுரத்தின்மேல் அவர் தண்ணீர்ப் போத்தலை வைத்தார்.

கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் எழுதினாள். ஏழாம் வாரம் பதில் வந்தது: 'பிள்ளைகள் தலைக்கவசம் அணியலாகாது எனத் தாங்கள் கோருவதை ஏற்க இயலாது.' அவள் அப்படிக் கேட்கவேயில்லை. தன் கடிதத்தின் பிரதியை எடுத்து நாலு தரம் வாசித்தாள். எந்த வரியிலும் அப்படி இல்லை. இன்னொரு கடிதம் எழுதலாம். அதற்கும் ஏழு வாரம். அதற்குள் ஏழு வெள்ளி.

அடுத்த வெள்ளி பத்தரை மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போய் ஏறுசட்டத்தடியில் நின்றாள்.

"சுபாக்கா, தள்ளி நில்லுங்கோ. படத்திலை விழுறியள்," என்றார் ரீச்சர்.

"விழட்டும்."

முதலில் வந்த பையனின் கொளுக்கியைக் கழற்றித் தலைக்கவசத்தைக் கையில் கொடுத்தாள். "சைக்கிளிலை ஏறேக்கை போடு அப்பன். இதிலை ஏறேக்கை கழட்டு."

"அதிபர் என்னையெல்லோ பேசுவார்!"

"பேசட்டும் ரீச்சர். கழட்டக் கூடாதெண்டு எழுத்திலை தரச் சொல்லுங்கோ."

நாலாவதாக வந்த சிறுமி கேட்காமலே நாடியை உயர்த்திக் காட்டினாள். பின்னால் இன்னும் பதினாறு பேர். வருகிற வெள்ளியும் கடையைப் பூட்டத்தான் வேண்டும் என்று நினைத்தபடி சுபாஜினி கொளுக்கியை அழுத்தினாள்.