மூன்றரை நிமிடம் தொங்கியவன்

யுஸ்வந்தோவுக்கு வயது முப்பத்தொன்று. ஜாவா தீவின் மாலாங் மலைச்சரிவில் முட்டைக்கோஸ் மூட்டை சுமப்பது பிழைப்பு. மலைச்சைக்கிள் பந்தயம்தான் உயிர். மாகாண அணிக்கு நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். போன முறை அரை வினாடியில் கைநழுவியது. இந்த முறையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஏன் தோற்றான் என்பது அவனுக்குத் தெரியும். இறக்கத்தின் கடைசி வளைவுகளில் முன்கை கல்லாக இறுகி, பிரேக் பிடிக்க விரல் வரவில்லை. ஊர் திரும்பிய மறுநாளே, முன்கைக்குப் பலம் ஏற்ற, கோஸ் கொட்டகையின் இரும்புக் குழாயில் தொங்க ஆரம்பித்தான். மற்றவர்கள் சைக்கிளை வண்டியில் ஏற்றி உச்சிக்குப் போவார்கள். இவன் தள்ளிக்கொண்டே ஏறுவான். மூட்டையைத் தோளில் வைத்தபடி உட்கார்ந்து எழுவான்.

"கொரங்குகூட பசிச்சா எறங்கிடும். நீ எப்பய்யா எறங்குவ?" என்பான் லாரிக்காரன் கார்த்தோ.

"மொதல்ல ஒன் லாரி கெளம்பட்டும், எறங்கறேன்."

இந்தத் தேர்வுக்கு ஏழு மாதம் முன்னால் வலது கைச் சுண்டுவிரல் மரத்தது. பிறகு மோதிரவிரல். மனைவி ருமியாத்தி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காத்து பூந்துடுச்சுங்க."

எங்கள் ஊரில் தலைவலி முதல் நெஞ்சுவலி வரை பழி காற்றின் மேல்தான். எண்ணெய் தடவி, நாணய விளிம்பால் அவன் முதுகைச் சுரண்டினாள். பட்டை பட்டையாகச் சிவந்தது. சிவந்தால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். இருவருக்கும் திருப்தி.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. கை பலவீனமாகிறது, இன்னும் பலம் ஏற்ற வேண்டும் என்று இந்த முட்டாள் முடிவு கட்டினான். காலையில் பத்து முறை தொங்கியவன் மாலையிலும் தொங்கினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாங்க."

"போனா ஓய்வெடுன்னு சொல்லுவாங்க. நாலு வருஷமா உயிர விட்டது இதுக்கா?"

அவள் மறுபடி கேட்கவில்லை. அவளுக்கும் அணியில் அந்த இடம் வேண்டியிருந்தது.

தேர்வு நாளில் முதலில் உடல்பலச் சோதனை. கம்பியில் தொங்கிய இருபது வயதுப் பயல்கள் இரண்டு நிமிடத்தில் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். யுஸ்வந்தோ மூன்றரை நிமிடம் தொங்கினான். பயிற்சியாளர் பாக் தர்சோனோ கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"சதையா, இரும்பாய்யா இது?"

யுஸ்வந்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடம் கிடைத்த மாதிரிதான்.

அடுத்தது மருத்துவ அறை. டாக்டரம்மா அவன் கையைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்தினார். ஒரு வெள்ளைத் தாளை அவன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே செருகினார்.

"விடாம புடிச்சுக்கோங்க."

மெதுவாகத்தான் இழுத்தார். தாள் அவர் கையோடு வந்துவிட்டது. மறுபடி செருகினார். யுஸ்வந்தோ பல்லைக் கடித்தான். மறுபடியும் வந்துவிட்டது.

"தொங்கறதுக்கு முன்கைத் தசை போதும். இதுக்கு மணிக்கட்டு நரம்பு வேணும். அழுத்தி அழுத்தி அத நசுக்கிட்டீங்க. இந்தக் கைய நம்பி ஒங்கள மலையில எறக்கிவிட முடியாது."

"இன்னும் ரெண்டு மாசம் நல்லா பயிற்சி பண்ணா பலம் வந்துடுமா டாக்டரம்மா?"

"பயிற்சி பண்ணித்தான் இப்படி ஆயிருக்கு" என்றார் அவர்.