தலைவர் பெயருக்கு வந்த தபால்

என் அலமாரியில் பிரிக்காத பழுப்பு உறை ஒன்று இருக்கிறது. ஒரு பஞ்சாலைக் கம்பெனி அனுப்பியது. தளிப் பக்கத்துக் கிராம முகவரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, அருகில் எங்கள் பெங்களூர் விடுதி முகவரியை எழுதியிருக்கிறார் தலைவர். அச்சடித்தது போன்ற கையெழுத்து.

தலைவர் என்றது கேலிக்குத்தான். ஐம்பதுகளில் கல்லூரியில் வணிகவியல் படித்த நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் ஓசூர், ராயக்கோட்டை, தளிப் பக்கத்துப் பையன்கள், ஒரு பங்குச் சங்கம் வைத்திருந்தோம். தாளில் எழுதி வாங்கி விற்றுப் பழகுங்கள் என்றுதான் பேராசிரியர் சொன்னார். நாங்கள் கைச்செலவுக் காசைப் போட்டு நிஜமாகவே வாங்கினோம். சங்கத்தின் பெயருக்குக் கம்பெனி பங்கு தராது. பதினெட்டு வயது முடிந்த ஓர் ஆள் வேண்டும். மாடு மேய்த்துவிட்டுத் தாமதமாகப் பள்ளிக்கு வந்த தலைவருக்கு மட்டுமே அந்த வயது முடிந்திருந்ததால் பங்கெல்லாம் அவர் பெயரில் வாங்கினோம். எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். பெரும்பான்மைக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்று விதி எழுதியவரும் அவரே. அன்றைக்கு அவரை ‘அவன்’ என்றுதான் சொல்வோம். இப்போது ‘அவர்’ என்று எழுதி என்ன பிரயோசனம்?

விண்ணப்பத்தில் அவருடைய ஊர் முகவரியைப் போட்டதுதான் தப்பு. ஆண்டறிக்கை ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊரில் கூலிக்காரர்களின் தபாலையெல்லாம் பண்ணை வீட்டில்தான் கொடுப்பார்கள். பண்ணைக்காரர் வேறு யாருமல்ல, என் தாய்மாமன். அவர் நிலத்தைத்தான் தலைவரின் அப்பா விளைச்சலில் பாதி கொடுத்து வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தார். “கம்பெனியில பங்கு வச்சிருக்கறவனுக்கு என் நிலம் எதுக்கு?” என்று தமிழும் கன்னடமுமாகத் திட்டி, மாமா அவரை ஏரை அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

தலைவர் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார். “ஒரே ஒரு கடுதாசி போதும். பேரு மட்டுந்தான் எனுது, பங்கு எல்லாருதும்னு எழுதிக் குடுங்க. நீயாவது உங்க மாமன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுப்பா.” எழுதினால் விஷயம் வெளியே வரும், கல்லூரியை விட்டு நீக்கிவிடுவார்கள் என்றான் ஒருவன். எனக்கு அதைவிட மாமா பயம். அவர் செலவில்தான் படித்தேன். வழக்கப்படி வாக்கெடுத்தோம். வேண்டாம் என்று நான்கு கைகள். முதலில் தூக்கியது நான்தான். தலைவர் நான்கு கைகளையும் பார்த்தார். “விதிதானே, சரி” என்று பெட்டியைக் கட்டினார்.

அப்பாவோடு ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனார் என்று கேள்விப்பட்டோம். அங்கே தேடிப் போய்த் தபால்காரர் கொடுத்த உறைகளையெல்லாம் பிரிக்காமல் எங்களுக்கே திருப்பிவிட்டார். பங்கை விற்கும் படிவத்திலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வந்த பணத்தை நான்காகப் பிரித்துக்கொண்டோம், அதையும் கை தூக்கித்தான். வெட்கம் கெட்டவர்கள் நாங்கள்.

அலமாரியில் இருக்கும் இந்த உறை அதற்கும் பிறகு வந்தது. வெகுகாலம் கழித்து, ஓசூரில் தொழிற்சாலைகள் வந்தபோது, மாமா அதே நிலத்தை விற்றுப் பங்கு வாங்க ஆசைப்பட்டார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். முகவரி என்ற இடம் வந்ததும் தலைவர் கோடு போட்டு அடித்த அந்த ஊர் முகவரிதான் கண்ணில் நின்றது. பிறகு பண்ணை வீட்டின் முகவரியையே எழுதினேன்.