அழுக்குப் படாத ஜெர்சிகள்

ஒரு கால்பந்து கிளப்பைக் கொல்ல எதிரணி எதற்கு? ஒரு நல்ல சம்பளம் போதும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த சிமெண்ட் கம்பெனி, தனக்கும் ஓர் அணி வேண்டும் என்று முடிவு செய்து, ஒரு திங்கட்கிழமை காலை இந்தப் பக்கம் வேன் அனுப்பியது. வேன் திரும்பிப் போனபோது அதற்குள் பதினொரு ஆட்டக்காரர்களும் ஒரு கோச்சும் அவர் கழுத்தில் தொங்கிய விசிலும் இருந்தார்கள். விசில் மட்டும் கிளப்புக்குச் சொந்தம். தலைவர் அதற்காகத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

மிச்சம் நின்றது நாலு பேர். தபால் ஆபீசில் முத்திரை குத்தும், ஊரே 'கட்டை' என்று கூப்பிடும் கேப்டன், முழங்கால் கட்டுப் போட்ட ஒருவன், கல்யாணமாகி மூன்று நாளான ஒருவன், வேனைத் தவறவிட்ட ஒருவன். தவறவிட்டவன், விசுவாசத்தால் நின்றதாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டான். யாரும் மறுக்கவில்லை. ஆள் பஞ்சம்.

அந்த மைதானத்தின் கேலரிக்கு அடியில்தான் லாண்டிரி அக்காவின் கடை. கேலரிப் படிகள் மேலே ஏற ஏற, கீழே கடைக்குக் கூரை உயரும். படிகள் இறங்குகிற பக்கம் கூரையும் சேர்ந்து இறங்கும். வாசலில் நிமிர்ந்து நிற்கலாம். நடுவில் கழுத்தை மடக்க வேண்டும். கடைக்கோடியில், மூட்டைகள் வைக்கும் மூலையில், எட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலையை இடித்துக்கொள்ளாமல் திரும்பியதில்லை. பத்தொன்பது வருடமாக அக்கா ஒரு நாளைக்கு இருபது தடவையாவது "தல பத்திரம்" என்று சொல்லி வருகிறாள். சொல்லி முடிப்பதற்குள் இடிக்கும் சத்தம் கேட்கும். இரண்டு மெஷின், ஒரு அயர்ன் மேஜை, நம்பர் போட்ட மர அலமாரி. துணி காயப்போட மைதானத்தின் மேற்கு வேலி முழுக்க அவளுடையது. மத்தியான வெயில் வேறெங்கும் அப்படி விழாது.

வேன் போன வாரமே லீக் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதினாறு ஆட்டக்காரர்கள் கொண்ட பட்டியல், ஆளுக்கொரு மருத்துவச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் கிளப்பின் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் மைதானம் நகரசபைக்குத் திரும்பும். நகரசபையோ அங்கே கார் நிறுத்துமிடம் கட்ட வரைபடமே போட்டுச் சுருட்டி வைத்திருந்தது. கேலரியை இடிப்பார்கள். கேலரியை இடித்தால் அதற்கடியில் இருக்கும் லாண்டிரி மட்டும் அந்தரத்தில் நிற்குமா?

கிளப் அறையில் மின்விசிறி ஓடாததால் அவசரக் கூட்டம் லாண்டிரியில் நடந்தது. மெத்தைக்கடை வைத்திருக்கும் தலைவர், உயரமாக இருந்த ஒரே மூட்டையைப் பார்த்து அதன்மேல் உட்கார்ந்தார். புது கோச் நின்றுகொண்டார். அவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். கோச் வேலைக்கு வேறு யாரும் கை தூக்காததால் அவர் தூக்கிய கை தனியாகத் தெரிந்துவிட்டது.

"இது மாற்றத்தோட காலம். ஒரு அணிய அடியிலேர்ந்து கட்டணும்னா மூணு வருஷத் திட்டம் வேணும்," என்றார் வாத்தியார்.

"நமக்கு இருக்கறது பதினெட்டு நாள் சார்," என்றான் கட்டை.

"அப்போ திட்டத்தக் கொஞ்சம் சுருக்கிக்கலாம்."

"துணி சுருங்கும் சார். வருஷம் சுருங்குமா?" என்றாள் அக்கா, அயர்ன் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தலைவர் சிரித்தார். பிறகு தன் கிளப் சாகக் கிடப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "பன்னண்டு பேருக்கு நான் எங்கம்மா போவேன்? மெத்தையா, ஆர்டர் குடுத்தா வர?"

"ஆளுங்க இருக்காங்க. என் அலமாரியிலேயே இருக்காங்க."

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். ஊரின் மற்ற ஐந்து அணிகளின் துணியும் அங்கேதான் வெளுப்புக்கு வரும்: வங்கி, பால் டிப்போ, தீயணைப்பு நிலையம், பஸ் பணிமனை, ஆஸ்பத்திரி. அக்கா ஒரு ஜெர்சியை உருவி மேஜைமேல் விரித்தாள்.

"வங்கி டீம் பதினஞ்சாம் நம்பர். ரெண்டு சீசனா ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. போட்டு, உக்காந்து, கழட்டிக் குடுக்கறாரு. நிக்கர் பின்னாடி மட்டும் பெஞ்சோட பச்சப் பெயின்ட். இந்த மாதிரி அஞ்சு டீம்லயும் சேத்து வாராவாரம் எனக்குப் பதினோரு சட்ட வருது."

"அழுக்காகலன்னா ஆடத் தெரியாதுன்னு அர்த்தம்மா," என்றார் வாத்தியார், வகுப்பில் சொல்வதுபோல.

"ஆட விடலன்னு அர்த்தம் சார். தெரியுமா தெரியாதான்னு சட்ட சொல்லாது, சாக்ஸ்தான் சொல்லும். இந்தாங்க, அவரோட சாக்ஸ். இடது கால் பெருவிரல் பக்கம் பாருங்க, வல மாதிரி ஆயிருச்சு. மேட்ச்ல இறங்காத மனுஷனுக்கு இது எப்படித் தேயும்? எங்கயோ தனியா சுவத்துல ஒதைச்சுக்கிட்டு இருக்காரு."

வாத்தியார் சாக்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்குக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்துவிட்டார். ஆனாலும் கீழே வைக்கவில்லை.

மறுநாள் காலை டீ குடிக்கும்போது அக்காவின் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். அவர் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். அடுத்த வீட்டு மீட்டரைப் பற்றி இந்த வீட்டில் மூச்சு விடமாட்டார்.

"நம்பித் துணியக் குடுக்கறாங்க. நீ துணிய வெளுத்துட்டு ஆள உருவிக்கிறியே. வேன்ல வந்தவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. டீ ஆறும்வரை யோசித்தாள்.

"அவன் அழுக்குச் சட்டையா பாத்து எடுத்தான். நான் அழுக்குப் படாததத்தான் தொடப்போறேன். அதயும் ஒளிச்சு இல்ல, சீட்டு எழுதி மேலாப்புலயே குத்தி அனுப்பறேன். அவங்க மேனேஜர் பாக்கட்டும். பிடிக்கலன்னா கிழிச்சுப் போடட்டும்."

"என்னவோ செய்," என்றார் அவர். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

லாண்டிரியில் துணிக்குத் துணி நம்பர் எழுதிய சீட்டை ஊக்கில் குத்துவது வழக்கம். அந்த வாரம் அப்படிப் பன்னிரண்டு சீட்டுகள் எழுதினாள்: "உங்கள் அணியில் இடம் இல்லை என்றால் எங்களிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரை, மைதானம். – லாண்டிரி." ஒவ்வொன்றையும் நெஞ்சுப் பக்கம் தெரியக் குத்தினாள். பதினொன்று போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டாவது சீட்டுக்குச் சுத்தமான சட்டை இல்லை.

அங்கேதான் அவளுக்குச் சபலம் தட்டியது. பால் டிப்போவின் இருபத்திரண்டாம் நம்பர். வாராவாரம் புல், சேறு, முள் கிழித்த கோடு. முன்பக்கம் இழுபட்டு இழுபட்டுத் தொட்டில் மாதிரி தொங்கும். அந்தச் சட்டையைப் பல மாதமாக அவள் பக்தியோடு துவைத்துவந்தாள். போட்டவரை ஒருநாளும் கண்டதில்லை. டிப்போ மூட்டையைச் சைக்கிள்காரர்தான் கொண்டுவருவார். எதிராளி பயப்படாதவன் சட்டையை எவனும் பிடித்து இழுக்கமாட்டான் என்பது அவள் கணக்கு. இந்தச் சட்டையை நாலு பேர் சேர்ந்து இழுத்திருக்க வேண்டும். கொடுத்த வாக்கை ஓரமாக மடித்து வைத்துவிட்டு, பன்னிரண்டாவது சீட்டை அதில் குத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கு முன்பே பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர்கூடப் பாக்கியில்லை. அவர்கள் மேனேஜர்கள் எவரும் சீட்டைக் கிழிக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்காரர் ஐந்தரைக்கே வந்து பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். கையில் பூட்ஸ், வாங்கி இரண்டு வருடமாகியும் பிரிக்காத டப்பாவோடு. வங்கிக்காரர் வந்ததும் இடது காலால் ஒரு பந்தை உதைத்தார். கோல் வலை அதிர்ந்தது. வாத்தியார் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லாததால் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றார்.

"இன்னும் ஒருத்தர் வரணும். அவர்தான் சார் ஆட்டமே," என்றாள் அக்கா.

அவர் வந்தார். நாற்பத்தேழு வயது. வயிறு முதலில் வந்தது, பின்னாலேயே அவர் வந்தார். தோளில் ஒரு வலைப்பை. நுழைந்ததும் மூலையில் கிடந்த பந்துகளைப் பார்த்தார். கை தன்போக்கில் சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தது. குனிந்து ஒவ்வொன்றாக அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, ஆறு பந்தோடு நடந்து வந்து நின்றார்.

"வணக்கம். சீட்டு வந்துச்சு."

அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பால் டிப்போவில் பெட்டி ஏற்றுகிறவர். ஆட்ட நாட்களில் அணியின் உபரி ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பந்து பொறுக்குகிறவர். கோலுக்குப் பின்னால் இருக்கும் முட்புதருக்குள் போய் வருகிறவர். சட்டையை நாலு பேர் இழுக்கவில்லை. ஆறு பந்து இழுத்திருக்கிறது.

கட்டை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "என்னக்கா, உங்க சட்ட பொய் சொல்லிருச்சே!"

"சட்ட சொன்னது சரிதான்டா. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

அவரைத் தனியாக வேலிப் பக்கம் அழைத்துப் போனாள். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் முறை. ஆரம்பித்தாள். "அண்ணே, அந்தச் சீட்டு வந்து..."

அவர் பையிலிருந்து சீட்டை எடுத்தார். கசங்காமலிருக்க பால் உறையைக் கழுவித் துடைத்து அதற்குள் போட்டு வைத்திருந்தார்.

"தெரியும்மா. தப்பா வந்திருக்கும்னு வீட்டுலயும் சொன்னாங்க. அப்படியே இருந்தாலும் பரவால்ல. இருபத்திரண்டு வருஷமாப் பந்து எடுத்துக் குடுக்கறேன். ஒருத்தர்கூட வான்னு எழுதுனதில்ல. அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "நன்றிய அப்புறம் சொல்லலாம். முதல்ல ஓடுங்க, எல்லாரும் ஓடுறாங்க பாருங்க," என்றாள். அவர் ஓடினார். ஒரு சுற்று. அதற்கு மற்றவர்கள் மூன்று சுற்று ஓடி முடித்தார்கள்.

பதினாறாவது ஆளுக்காக வாத்தியார் மிச்ச நாளெல்லாம் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார். ஒருவரும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் நோட்டை மூடினார்.

"சரி, அவரையே போடலாம். ஆனா எந்த எடத்துல ஆட வைக்கிறது?"

"பட்டியல்ல சார்," என்றான் கட்டை. "பதினாறாவது எடத்துல."

மூன்று மணிக்கு அக்கா டாக்டரிடம் போய்க் காத்திருந்தாள்; அவர் தனியாக வந்து சேர்ந்தார். டாக்டர் காதுக்குழாயை வைத்துவிட்டு, "ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார்.

"மாடி ஏறினேன் டாக்டர்."

"என் கிளினிக் கீழ்த்தளத்துலதான இருக்கு?"

"பதட்டத்துல அடுத்த கட்டடத்து மூணாவது மாடிக்குப் போயிட்டேன் டாக்டர். அங்க பல் டாக்டர் இருக்காரு. நல்ல மனுஷன், வழி சொல்லி அனுப்பினாரு."

டாக்டர் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. கால் மணி உட்காரவைத்து மறுபடி பார்த்தார். தினம் முந்நூறு பால் பெட்டி தூக்குகிற நெஞ்சு. கடிகாரம் மாதிரி அடித்தது. கையெழுத்துப் போட்டார். நாலு நாற்பதுக்கு லீக் ஆபீஸ் குமாஸ்தா பெயர்களை இரண்டு தடவை எண்ணினார். குறையும் என்று எதிர்பார்த்த முகம். பதினாறுதான் வந்தது. முத்திரையை ஓங்கிக் குத்தினார். தொழில்காரன் கட்டை அருகில் நின்று பார்த்துவிட்டு, "மை போதாது சார்," என்று குறை சொன்னான். அக்கா வாசல் படியில் உட்கார்ந்து, யாருக்கென்று இல்லாமல், இரண்டு கையையும் கூப்பினாள்.

எல்லாமே இனிப்பாக முடிந்துவிடவில்லை. வங்கி அணி கோபித்துக்கொண்டு துணியை வேறு கடைக்குக் கொண்டுபோனது. மூன்றே வாரத்தில் குழந்தைகளுக்குச் சரியாயிருக்கும் அளவுக்குச் சுருங்கிய நிக்கர்களோடு திரும்பி வந்தது. அக்கா நம்பர் எழுதி வாங்கிக்கொண்டாள். பால் டிப்போ மேனேஜர் நேரிலேயே வந்தார். அவள் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆள எடுத்தீங்க, சரி. இப்போ புதருக்குள்ள யாரும்மா போறது? நான் போறேன்," என்று முழங்கையிலிருந்த கீறலைக் காட்டினார். போகும்போது வாசலில் நின்றார். "எங்க பெஞ்சுல இருந்த ரெண்டு பசங்களயும் கூட்டிக்கிட்டதுக்கு நன்றிம்மா. வாராவாரம் அதுங்க மூஞ்சியப் பாக்க முடியாம நான் வேற பக்கம் திரும்பி உக்காந்திருந்தேன்."

சீசன் முடிவில் பத்து அணிகளில் ஆறாவது இடம். பாராட்டு விழாவில் தலைவர் நகரசபைக்கும் லீக்குக்கும் மழைக்கும் நன்றி சொன்னார். தன் கடையின் புது ரக மெத்தைக்கும் சொன்னார். லாண்டிரி மறந்துபோனது. வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். அக்கா முன்வரிசையில் இருந்த பதினாறு ஜெர்சிகளையும் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. அவற்றில் பதினைந்து ஜெர்சிகளில் கறை. முழுக்கப் போகாத, வெளுத்து வெளுத்து மங்கிய, நல்ல கறை. பதினாறாவதான இருபத்திரண்டாம் நம்பர் மட்டும் புதுசு போலப் பளிச்சென்று இருந்தது.

கடைசி ஆட்டம் விழாவுக்கு மறுநாள். ஆறாவது இடம் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. விழாவை முன்கூட்டியே வைத்த தலைவரின் அவசரம் அப்படி. முடிய ஆறு நிமிடம் இருக்கையில் வாத்தியார் இருபத்திரண்டாம் நம்பரை இறக்கினார். கேலரியில் பால் டிப்போவே எழுந்து நின்றது. முதல் பந்து எல்லைக்கு வெளியே போனது. பழக்கதோஷத்தில் தானே ஓடிப்போய் எடுத்து வந்தார். த்ரோ எறியச் சொன்னார்கள். தலைக்கு மேலிருந்து எறிய வேண்டியதை, பால் பெட்டியை வண்டியில் ஏற்றுவதுபோல இடுப்பிலிருந்து தூக்கி எறிந்தார். ரெஃப்ரி தவறு என்று விசில் ஊதினார். அடுத்த பந்துக்கு ஓடியவர் சறுக்கி விழுந்தார். பந்து அவர் முழங்காலில் பட்டு, எங்கே போக வேண்டுமோ அங்கே போகாமல், எங்கேயோ போனது. ஆட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை சட்டையையும் நிக்கரையும் சைக்கிள்காரரிடம் கொடுக்காமல் அவரே கொண்டுவந்தார். இரண்டிலும் சேறு.

"இந்த ஒரு தடவ மட்டும் துவைக்காம விட்டுரலாமாம்மா?"

"முடியாது. வெளுக்கறது என் வேல, அழுக்காக்குறது உங்க வேல. அடுத்த சீசனுக்கும் கொண்டாங்க." வாங்கி நம்பர் எழுதினாள். எழுதிக்கொண்டே, குனிந்த தலையோடு சொன்னாள்: "அண்ணே, நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா, இன்னிக்கு இந்த எடத்துல யாரோட காரோ நின்னுக்கிட்டு இருக்கும்."

எதையாவது செய்தால் தேவலை என்று அவர் கீழே கிடந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கோடிக்கு நடந்தார்.

"தல பத்..."

டங்கென்று கேட்டது. உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டே அவர் சிரித்தார். அக்கா அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். பத்தொன்பது வருடமாகத் திட்டித் தீர்த்த அந்தக் கூரையைக் கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மெஷினைப் போட்டாள்.